ஜி பிரிவுக்குப் பின்னால் ஓர் ஓடை

வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை.
கிளை எண் நான்கு என்று வைத்துக்கொள்வோம்
என்றார் சோப்சாக்.
வைத்துக்கொண்டோம்.

வடமேற்கு ஒஹாயோ. அரசுப் பல்கலைக்கழகம்.
வாகனம் நிறுத்தும் ஜி பிரிவில் ஆயிரத்து நூறு கட்டங்கள்.
சரிவின் அடியில் முழங்காலளவு தண்ணீர்,
அதில் மல்லாந்து கிடக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி.
எங்களுக்குக் கிடைத்த நிதி அறுநூறு டாலர்.
நானூற்றுப் பத்து, தண்ணீரில் முக்கும் கருவிக்கு.
மிச்சம் பாட்டில்களுக்கு.
கையுறை அவரவர் பாடு.

பேராசிரியர் பேட்ரிஸ் சோப்சாக் இரண்டு முறை வழுக்கி விழுந்தார்.
மூன்றாம் முறை கருவியும் கூட விழுந்தது.
அப்போது அவர் சொன்ன வார்த்தை
தரவுத்தாளில் இல்லை.

டிசம்பர் பதினொன்று: நாற்பத்தெட்டு.
பத்தொன்பது, பனி விழுந்த மறுநாள்: முந்நூற்று எழுபது.
ஜனவரி ஆறு, காலை ஏழு மணி:
ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் குளோரைடு.
கருவிக்குத்தான் கோளாறு என்று
குழாய்த் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன்.
கருவிக்கு ஒன்றுமில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், சரி.
தண்ணீரே தின்றுவிட்டால்
அது எங்கே போய்க் குடிக்கும்?

கல்லைப் புரட்டினால்
ஒருநாள் பூச்சியின் குஞ்சுகள், மும்மூன்று வாலோடு
ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
நவம்பரில் ஒரு கல்லுக்குப் பதினான்கு எண்ணினோம்.
பிப்ரவரியில்
கல்லுக்கு அடியிலும் கல்.

சோப்சாக்கிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு.
ஜி பிரிவில் உப்புத் தூவும் ஆறாம் எண் லாரியை
ஓட்டுகிறவர் லெனார்ட் விட்மெர்.
நான் வில்லா விட்மெர்.
ஊழியர் பிள்ளை என்பதால்தான்
என் கட்டணம் பாதி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
நினைக்காமல் என்ன,
விடியற்காலை மூன்றரைக்கு அவர் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதே
ஆறரைக்கு அலாரம் வைத்துக்கொண்டு
நினைத்தேன்.
அவர் போட்டுவிட்டுப் போனதை
பின்னாலேயே போய் அளந்தேன்.

ஏப்ரலில் சுவரொட்டி நாள். மாணவர் மன்றம், இரண்டாம் மாடி.
எங்களுக்கு இடப்பக்கம் யாருடையவோ தேனீக்கள்,
வலப்பக்கம் யாருடையவோ தூக்கமின்மை.
பராமரிப்புத் துறைத் துணை இயக்குநர் வந்தார்.
கோடு உச்சிக்கு ஏறும் இடத்தை விரலால் தொட்டு
"நம்முடைய உப்புதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார்.
சோப்சாக் வாயைத் திறந்தார், மூடினார், காபி குடித்தார்.
அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.
துணை இயக்குநர் தேனீக்களிடம் போனார்.

மதிய இடைவேளையில் அப்பா வந்தார், சீருடையோடு.
தலைப்பு, முறை, முடிவு,
அடியில் பொடி எழுத்தில் மேற்கோள் பட்டியல் வரைக்கும்
நின்று படித்தார்.
படித்து முடிக்கும் வரை நான்
தூக்கமின்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜனவரி ஆறா?" என்றார்.
"தகடு."
லாரியின் பின்தகடு துருவேறி
இரண்டு அங்குலம் மூடுவதே இல்லையாம்.
மூன்று குளிர்காலமாக எழுதிக் கொடுத்தாயிற்றாம்.
சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.
தேதி, வெப்பநிலை, எத்தனை டன், எந்தப் பிரிவு.
கிறிஸ்துமஸ் இரவுகூட விடுபடவில்லை.

சோப்சாக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
நோட்டை வாங்கினார்.
பிறகு விடுவிடுவென்று தேனீக்களை நோக்கி நடந்தார்.

அன்று வீட்டில் அப்பா
உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே சொன்னது ஒன்றுதான்:
"என்னிடம் கேட்டிருக்கலாமே."

ஜூலை.
தகடு மாற்றிவிட்டார்கள்.
எங்கள் இரண்டு பெயருக்குக் கீழே மூன்றாவதாக ஒரு பெயர்.
பனி விழுந்து நான்கு மாதம்.
கருவியை முக்கினேன்: இருநூற்றுத் தொண்ணூறு.
மண்ணுக்குள் இறங்கிய குளிர்காலங்கள்
இன்னும் ஊறி வந்துகொண்டிருக்கின்றன,
எத்தனை வருடத்து உப்போ.

கரையில் நோட்டோடு நின்றவர்
காதில் விழாதவர் போல
இன்னொரு தரம் சொல் என்றார்.