மிச்சம் ஒரு வாஷர்

பதினாலாவது வளைவில்
மழையோடு இறங்கும்போது
இடது பூட் வழுக்கி
ஒரு நொடி காற்றை மிதித்தேன்.
அந்த நொடிக்குத்தான் இந்தப் பார்சல்.
பல் வைத்த அலுமினிய ஃபுட்பெக், நான்கு.
உள்ளே மடித்த தாளில் எழுத்தே இல்லை, படம் மட்டும்,
அதுவும் வேறு ஏதோ வண்டியின் படம்.

அழகாபுரம் வீட்டின் போர்ட்டிகோவில்
வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப்
பழைய பெட்ஷீட்டை விரித்தேன்.
விழுவதெல்லாம் அதில்தான் விழும் என்றொரு நம்பிக்கை.
கீழ்வீட்டுக்காரர் சைக்கிள் துடைக்கிற சாக்கில்
இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
"மெக்கானிக்கிட்ட விட்டா அஞ்சு நிமிஷம்மா."
தெரியும் அண்ணா.

இடது பெக்கின் முனை சாய்வாகத் தேய்ந்து
புதுக் காசு மாதிரி மின்னியது.
கோரிமேடு தாண்டினால் தாருக்கும் அதற்கும்
எத்தனை உரசல், எத்தனை பொறி.
ஸ்பிளிட் பின் துருவில் ஊறிப்போய்
நேராக்கும்போதே பாதியாக உடைந்தது.
மீதிப் பாதியை மூக்குப் பிளையரால் இழுக்க
மண்ணெண்ணெய், ஒரு கெட்ட வார்த்தை,
மறுபடி மண்ணெண்ணெய்.

ஸ்ப்ரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று
கழற்றும் முன் ஃபோட்டோ எடுத்திருந்தேன்.
பெரிதாக்கிப் பார்த்தால் என் கட்டைவிரல்.
ஒரு கால் பெக்கில், மறு கால் பிராக்கெட்டில்,
நடு உடம்பை முறுக்கிக்கொண்டு அது நிற்க வேண்டும்.
மூன்று தடவை நிற்கவில்லை.
நாலாம் தடவை தெறித்துப் போய்
சைக்கிள் பெல்லில் பட்டு, ணங்.
அண்ணன் எடுத்துக் கொடுத்தார்,
அஞ்சு நிமிஷக் கதையை
அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பின்னாலுள்ள இரண்டும் ரப்பர் போட்டவை.
இடது ரப்பரில் கம்பெனி வரிகள் அப்படியே இருந்தன.
வலதில் முன்விளிம்பு மட்டும் மொழுக்கென்று.
எந்தத் தாரும் அங்கே எட்டாது.
கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

நாற்பத்தொன்றாயிரம் கிலோமீட்டர்
செங்கோட்டுவேல் பின்னால் உட்கார்ந்து
பிரேக் அடித்திருக்கிறார்.
ஹம்பி வழியில் லாரிக்கு.
வாழப்பாடி தாண்டி ஆட்டு மந்தைக்கு.
சேர்வராயன் மலையின் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
வலது பாதத்தை முன்னால் தள்ளி,
இல்லாத பிரேக்கை, முழுசாக.
மெதுவா என்று ஒருநாளும் வாய் திறக்காதவர்
எல்லாவற்றையும் ரப்பரிடம் சொல்லியிருக்கிறார்.
எங்க வீட்டுக்காரருக்குப் பயமே கிடையாது என்று
ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன் நான்.

இந்த யோசனையில்
உள்ளே குண்டு இருப்பதை மறந்து பின்னை உருவிவிட்டேன்.
மிளகளவு எஃகு உருண்டை,
பெக்கை மடக்கினால் டக் என்று சொல்லுகிற அதுதான்,
பெட்ஷீட்டைத் தாண்டி ஓடியது.
துடைப்பம் போட்டுத் தேடியாயிற்று,
கோலத்தையும் கலைத்தாயிற்று.
அவர் வந்தார்.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் எடை போடுகிறவர்.
வெள்ளியில் இரும்பு ஒளிந்திருக்கிறதா என்று
தொட்டுப் பார்க்கும் காந்தம்
ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப்பையில்.
வாசற்படி விரிசலில் அதை நடத்திக்கொண்டு போனார்.
இரண்டு குண்டூசி, ஒரு ஆணி,
அப்புறம் குண்டு.

கொடுக்கும்போது என் மடியில் கிடந்த ரப்பரைப் பார்த்தார்.
நானும் அவரைப் பார்த்தேன்.
"ரொம்பத் தேஞ்சிருச்சோ?"
"லேசா."

மதியம் மூன்றரைக்கு எல்லாம் பூட்டி முடித்தபோது
பெட்ஷீட்டில் ஒரு வாஷர் மிச்சம்.
நான்கு பெக்கையும் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.
கூடுதலாக ஒன்று போட்டிருப்பார்கள் என்றேன்,
படத்தில் அதைத் தேடியும் பார்த்துவிட்டு.
அவர் தலையாட்டி அதைக் காந்தத்தில் ஒட்டிப்
பைக்குள் போட்டுக்கொண்டார்.

கன்னங்குறிச்சிப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது.
முதல் வளைவு, இரண்டாவது.
புதுப் பல்லில் என் பூட் ஆணியடித்த மாதிரி.
மூன்றாவதில் பஸ் ஒன்று முழு அகலத்துக்கும் திரும்ப
வலது பக்கம் வண்டியின் எடை
ஒரு இழை கூடியது.
முன்பும் கூடியிருக்கும்,
எனக்குத்தான் தெரிந்ததில்லை.
ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டேன்.

ஐந்தாவது வளைவில் காதருகே வந்து கேட்டார்,
"அந்த வாஷர் நெசமாவே கூடுதல்தானுங்களா?"