இரட்டைப்படைக் கணக்குகளுக்கு விடை இல்லை

ஒரே கடைசல் எந்திரம்
எங்கள் அறையில் மூன்று புத்தகங்களில் கிடந்தது.

என் புத்தகத்தில் அதன் விலை ஐம்பதாயிரம்.
ஆயுள் எட்டாண்டு, எச்ச மதிப்பு இரண்டாயிரம்.
ஆண்டுக்கு ஆறாயிரம் தேயும்.
எதோடு உரசித் தேய்கிறது என்று கேட்கக் கூடாது.
காலண்டரோடு.

தெக்லாவின் புத்தகத்தில் அதுவே ஐம்பத்தொன்பதாயிரம்.
ஒன்பதாயிரம் அரசாங்கத்துக்குப் போன வரி.
'திரும்பப் பெற இயலுமா? காரணம் கூறுக.'
விலைப்பட்டியலில் தேதி விட்டுப்போயிருக்கும்,
கேள்விக்குள் குழி வெட்டி
மேலே இலை பரப்பியிருப்பார்கள்.
தெக்லா தவறாமல் விழுவாள்.
விழுந்த இடத்திலிருந்து
பாடத்தில் இல்லாத சொற்கள் வரும்.

நுத்ஸாவின் புத்தகத்தில் மட்டும்தான்
அது ஓடிக்கொண்டிருந்தது.
ஐம்பது மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு தண்டு,
வெட்டு வேகம் நிமிடத்துக்குத் தொண்ணூறு மீட்டர்,
சுழற்சி ஐந்நூற்று எழுபத்து மூன்று,
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
ஒரு நிமிடம் ஐம்பது நொடி.
"நிஜத்தில் நாலு நிமிஷம் ஆகும்" என்பாள்.
பழைய வாகன ஆலையின் பின்கொட்டகையில்
பயிற்சிக்குப் போகிறவள்.
தண்டை இறுக்க வேண்டும், அளக்க வேண்டும்,
ஜும்பெர் சிகரெட்டை முடிக்க வேண்டும்.
அந்தச் சிகரெட்டுக்குச் சூத்திரத்தில் எழுத்து ஒதுக்கவில்லை.

குத்தாயிசியில் அப்போது பிப்ரவரி.
மூன்று பேருக்கு ஒரு மேசை, ஒரு ஹீட்டர்.
பழைய சாமான் சந்தையில் தொண்ணூறு லரி,
தலைக்கு முப்பது.
ஒரு கால் உடைந்தது. செங்கல் துண்டு முட்டுக் கொடுத்தோம்.
அவரை மசியல் அடைத்த ரொட்டியை
அதன் தலையில் வைத்துத்தான் சூடாக்குவோம்.
ரொட்டி சறுக்கி
என் பேரேட்டின் இடப்பக்கத்தில் விழும்.
எண்ணெய்க் கறை, பற்றில்.
வரவில் ஒன்றும் இல்லை.

புத்தகத்தின் கடைசியில்
ஒற்றைப்படைக் கணக்குகளுக்குத்தான் விடை உண்டு.
ஆகவே நாங்கள் ஒற்றைப்படையில் கெட்டிக்காரிகள்.

முப்பத்தொன்றாம் கணக்கு.
எட்டாம் ஆண்டு முடிவில் எந்திரத்தை
ஆயிரத்து நானூறுக்கு விற்றார்கள்.
நஷ்டம் அறுநூறு. பின்னாலும் அறுநூறு.
இரட்டைக் கோடு போட்டேன்,
பாடை கட்டின மாதிரி.

"யார் வாங்கினது?" என்றாள் நுத்ஸா.
கேள்வியில் இல்லை.
"வாங்கினவன் அதை என்ன செய்தான்?"
கேட்கப்படவில்லை.
"கொட்டகையில் இருப்பது எழுபத்தொன்றில் செய்தது.
உன் கணக்குப்படி எழுபத்தொன்பதில் செத்தாச்சு.
நேற்று அதில் பன்னிரண்டு தண்டு கடைந்தேன்.
பதினொன்று அளவுக்குள் நின்றது.
பன்னிரண்டாவது என் கைத்தப்பு,
அதன் மேல் பழி போடாதே."

மார்ச்சில் ருஸ்தாவியிலிருந்து
அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது.
பட்டம் அப்புறம், சம்பளம் முதலில்.

அன்றிரவு ஹீட்டரைப் பிரித்தோம், தாளில்.
நான்கு குளிர்காலம் ஆயுள், ஒன்று கழிந்தது,
அவள் பங்கில் மிச்சம் இருபத்திரண்டரை.
ரியோனி ஆற்றில் போட்டாலும்
அளந்து போடுகிறவள் நான்.
"விலைப்பட்டியல் இல்லாத பொருள்,
வரித்துறைக்கு அது பிறக்கவே இல்லை"
என்றாள் தெக்லா, போர்வைக்குள்ளிருந்து.
நுத்ஸா இருவரையும் பார்த்துவிட்டுத்
தூங்கப் போனாள்.

திங்கட்கிழமை அவள் ஏறின மினிபஸ்
சந்தை முனையில் திரும்பும் வரை நின்றேன்.
சில்லறையோடு சேர்த்து எண்ணி
கோட்டுப் பையில் திணித்திருந்தேன்.
அறைக்கு வந்தால்
பணம் மேசையில் இருக்கிறது,
செங்கல் ஜன்னலில் இருக்கிறது,
ஹீட்டருக்கு நாலாவது கால் இருக்கிறது.
எஃகு. அடியில் மெல்லிய வளையங்கள்,
வெட்டெண்ணெய் வாடை.
எழுபத்தொன்பதில் செத்தது கடைந்தது.

எந்தத் தலைப்பில் எழுதுவது?
விலை இல்லை, தேதி இல்லை,
கொடுத்தவள் பெயர் மட்டும் தெரியும்.
பழுதுச் செலவு என்கிறாள் தெக்லா.
செலவழித்தது யார் என்று கேட்டால்
முத்திரைத் தீர்வைக்குப் பக்கம் புரட்டுகிறாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள்.
முப்பத்திரண்டாம் கணக்கை இன்னும் தொடவில்லை.
ரொட்டி சூடாகிறது,
சறுக்கவில்லை.