கிழக்கே

லிவாவுக்குத் தெற்கே, காலை ஆறரை.
சுஹைல் தோல்தொப்பியின் வாரைப்
பல்லால் இழுத்து அவிழ்த்தார்.
ராஜாளி ஒருமுறை கண் சிமிட்டிக்
கையுறையை விட்டு எழுந்தது.

முயல் ஓடியது, மடங்கியது, மறுபடி ஓடியது.
பறவை தாழ்ந்த இடத்தில்
ஒரு பிடி மயிர்.
அவ்வளவுதான்.

"எந்தப் பக்கம், அருளப்பா?"
கிழக்கே கையை நீட்டினேன்.
வண்டியின் முன்சக்கரத்தடியில்
இரண்டு காதுகள், ஒரே துடிப்பு.

"சரி, எடு வண்டியை."
காற்று குறைவாத் தெரியுது என்று சொல்லி
டயரை உதைத்தேன், இரண்டு முறை.
அந்தப் பக்கம் மணல் சிதறியது.
ஏறி உட்கார்ந்தேன்.

பறவைக்குக் காடைக்கறி கிடைத்தது.
அதன் பாஸ்போர்ட் டேஷ்போர்டில்,
என்னுடையது ஆபீஸில்.

தொப்பி மாட்டிய பிறகும்
அது தலையைத்
திருப்பியே வைத்திருந்தது
மேற்குப் பக்கமாக.