பதின்மூன்று ஏ

குளுகோரில் எங்கள் வீட்டுக்குப் பதினாறு படி.
முதல் பத்தோடு எனக்குச் சண்டையில்லை.
படி திரும்புகிற பதினொன்றில்தான்
முழங்கால் வாயைத் திறக்கும்.

ஏஜெண்ட் ஊய் காட்டிய கொண்டோ
எழுநூற்று இருபது சதுர அடி,
பதினான்காவது மாடி.
லிஃப்டில் பதினான்கு என்ற பொத்தானே இல்லை.
சீனத்தில் நான்கு, சாவு மாதிரி ஒலிக்குமாம்.
அதனால் பதின்மூன்று ஏ.
"எழுபது வயதில் எண்ணை மாற்றி
யாரை ஏமாற்ற?" என்றார் இவர்.
"பாலம் தெரியும், அங்கிள் ஏகா," என்றார் ஊய்.
தெரிந்தது.
பாலத்தின்மேல் எறும்பு எறும்பாய் மோட்டார் சைக்கிள்கள்.
கழிவறைக் கதவைத் திறந்தால் சலவை மெஷின் இடிக்கும்.
அதை ஊய் சொல்லவில்லை, என் இடுப்பு சொன்னது.

மெல்போர்னிலிருந்து மகள் பட்டியல் அனுப்பினாள்:
வைத்துக்கொள்ள, கொடுக்க, தூக்கிப் போட,
மூன்றும் மூன்று நிறத்தில்.
உன் நீச்சல் கோப்பைகள் எந்த நிறம் என்று கேட்டேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது.
பதில் இன்னும் விழவில்லை.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம்
பெட்டிக்குப் பெட்டி சாக்பீஸால் குறி போட்டவர் இவர்.
இரும்பு டேப்பை இழுத்து
கூடம், பின்னறை, சமையல்மேடை எல்லாம் அளந்து
தரையில் எழுநூற்று இருபதுக்குக் கோடு கிழித்தார்.
மாடிப்படி வெளியே. பின்கட்டு வெளியே.
"ஒரு வாரம் இதற்குள் இருந்து பார்ப்போம்.
மூச்சு முட்டினால் வேண்டாம்."

முதல் நாள் அது விளையாட்டு.
தாண்டினால் ஒரு ரிங்கிட், மைலோ டின்னில்.
இரண்டாம் நாள் எனக்கு உறைத்தது,
நாங்கள் எதையும் குறைக்கவேயில்லை என்று.
போன ஜூனிலிருந்தே இதற்குள்தான் இருந்திருக்கிறோம்,
கோடு மட்டும்தான் இல்லை.
மேலே மூன்று அறையிலும் தூசி குடியிருக்கிறது.
மாதம் ஒருமுறை ஆள் வைத்துப் பெருக்குகிறோம்.
வாடகைகூட வாங்கியதில்லை.

ஆனாலும் டின்னில் காசு விழுந்துகொண்டிருந்தது.
நான் தாண்டியது மீன் கழுவ.
கெம்போங்கை உள்ளே கழுவினால்
மூன்று நாளைக்கு வீட்டில் கடல் தங்கும்.
பின்கட்டுக் குழாயடியில் நான்,
சுவருக்கு அந்தப் பக்கம் மக்சிக் ரோகாயா,
அவர் கையிலும் அதே மீன்.
பெரிதாய் ஒன்றும் பேசுவதில்லை.
சர்க்கரை எவ்வளவு, மகன் வந்தானா.
சுவர்மேல் பூனை இரண்டு வீட்டுக்கும் பொது.

இவர் தாண்டியது இரவு பதினொரு மணிக்கு,
கேட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்க.
மூன்று இழுப்பு. இரண்டு போதாது.
பதின்மூன்று ஏவில் இழுக்க கேட் இல்லை,
கீழே நேபாளிக் காவலாளி இருக்கிறார் என்றேன்.
விளக்கை அணைத்த பிறகு, வெகுநேரம் கழித்து,
"அவர் எத்தனை முறை இழுப்பார்?" என்றார்.

ஐந்தாம் நாள் டின்னைக் கவிழ்த்து எண்ணினோம்.
முப்பத்தொரு ரிங்கிட்.
"லிஃப்ட் பராமரிப்புக்கே காணாது."
"மூச்சு முட்டுதா?"
"இல்ல. ஒனக்கு?"
"இல்லதான்."
முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

முன்பணம் வெள்ளிக்குள் என்கிறார் ஊய்.
இன்று புதன்.
காலையில் தரை துடைத்தபோது
பின்வாசல் பக்கம் ஒரு முழக் கோடு
ஈரத்துணியோடு வந்துவிட்டது.
வேண்டுமென்றே செய்தாயா என்று
யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.
மாலையில் பார்க்கிறேன்,
சுவரைப் பிடித்துக் குனிந்து
அவரே மறுபடி கிழித்திருக்கிறார்.
கோடு நேராய் வந்து, வாசல்படி இறங்கி,
குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது.

கேட் பக்கம் அப்படியே விட்டிருந்தார்.
தேய்ந்து நகம் அளவான சாக்பீஸ்
டிவி மேல் கிடந்தது.
எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.
மணி பத்தரை.