ரியாசுதீனுக்கு, முப்பத்தொன்றாம் தேதி ராத்திரிக்கு

நல்ல பேய்ப்படம் ஒன்று சொல்லுங்கண்ணே என்று கேட்டிருந்தாய்.
உன் பெங்களூர் ஆபீஸில் ஹாலோவீனாம்,
பூசணிக்காய்க்குக் கண் தோண்டிப் பல் வெட்டி
உள்ளே விளக்கு வைக்கிறார்களாம்.
இங்கே புதுவீட்டு வாசலில் தொங்குகிறதே
நாக்கு நீட்டிய முகம், அதுவும் இதே காய்தான்.
நாம் வராதே என்று கட்டுகிறோம்.
அவர்கள் என்ன சொல்லி வைக்கிறார்களோ.

பாபநாசத்தில் மூன்று நாளாய் விடாத மழை.
ஐப்பசி ஐப்பசியாக இருக்கிறது.
குடமுருட்டி பழுப்பாய்ப் போகிறது,
சம்பா நட்ட வயலெல்லாம் ஆற்றோடு ஒரே நிறம்.
நேற்று கரண்ட் இல்லை.
ஸ்டுடியோவில் இன்வெர்ட்டர் சாகும்வரை ஒரு படம் பார்த்தேன்.
அதைத்தான் சொல்கிறேன்.

கண்டெடுத்த கேமராவில் இருந்ததை
அப்படியே ஓடவிடுகிற ரகம்.
எடுத்தவன் செத்துப்போவான், கேமரா பிழைத்துக்கொள்ளும்.
எந்த நாடோ. மூடிக்கிடக்கும் சர்க்கரை ஆலைக்குள்
அளவெடுக்கப் போகிற மூன்று பேர்.
சப்டைட்டில் போடாதே.
பயந்தவன் பேச்சு எந்த மொழியிலும் புரியும்.

பெரிய டிவியில் பார்க்காதே, போனில் பார்.
ஒரு காதில் மட்டும் ஹெட்செட்.
மற்ற காது அறைக்கு.

இருபத்தாறு வருஷம் கல்யாணம் எடுத்தவன் சொல்கிறேன்,
கை நடுங்குவது நடிப்பா நிஜமா என்று
எனக்குப் பார்த்தாலே தெரியும்.
அந்தப் பையனுக்கு நிஜமாகவே நடுங்குகிறது.
நாற்பத்தோராவது நிமிஷம் கவனி.
காலி வராந்தா, எதிரில் ஒருவரும் இல்லை.
ஃபோகஸ் தேடுகிறது,
மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது,
பிறகு
யாரோ ஒருவர் முகத்தில் நிற்பதுபோல
நின்றுவிடுகிறது.

ரத்தம் இல்லை. மியூசிக் இல்லை.
நான் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏன் எழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
ரைஸ்மில்காரர் மகள் கல்யாணம் ஞாபகமிருக்கிறதா?
ஆற்றை ஒட்டின மண்டபம்,
சாம்பார் அண்டா வழுக்கிப் பந்தி தாமதமான கல்யாணம்.
எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது பார்த்தேன்:
மாம்பழக் கலர் புடவை, ஈரத் தலை, ஒரு பொம்பளை.
மாலை மாற்றும்போது ஓரத்தில்.
முதல் பந்தியில் நாலாவது இலை,
அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டு.
பெண்வீட்டில் கேட்டேன், மாப்பிள்ளைவீடு என்றார்கள்.
மாப்பிள்ளைவீட்டில் கேட்டேன்,
நீங்கள் கூட்டிவந்த ஆள் என்று நினைத்தோம் என்றார்கள்.

மொய் நோட்டைக்கூட வாங்கிப் புரட்டினேன்.
நூற்றியொரு ரூபாய்,
பெயர் எழுதவில்லை.
ஊர் என்ற இடத்தில் எதிர்க்கரை என்று இருந்தது.
எதிர்க்கரையில் வீடு கிடையாது, உனக்கே தெரியும்.
மூங்கில் கொல்லையும் ஒரு மோட்டார் கொட்டகையும்தான்.

நாலு செகண்ட் அவள் நேராக லென்ஸைப் பார்க்கிறாள்.
அதை வெட்டிவிட்டுத்தான் ஆல்பத்தோடு சிடி கொடுத்தேன்.
வெட்டினதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.
மூன்று கம்ப்யூட்டர் மாறியாயிற்று,
நாலு செகண்டும் கூடவே வருகிறது.

நேற்று படம் முடிந்ததும் அதை மறுபடி போட்டேன்.
பதினாலு வருஷமாய் அவள் முகத்தையே பார்த்திருக்கிறேன்,
வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

என் கேமரா அப்போது நாதஸ்வரக்காரர் மேல் இருந்தது.
வெளிச்சம்தான் முதலில் திரும்புகிறது, ரியாசு.
தூண் பக்கம் போய், தயங்காமல், அவள்மேல் நிற்கிறது.
அதன் பின்னாலேயே என் கேமரா போகிறது.

லைட் பிடித்தவன் நீ.
அடுத்த வாரமே வேலையை விட்டுப் போனாய்,
சம்பள பாக்கிகூடக் கேட்கவில்லை.

படத்தின் லிங்க் தனியாக வரும்.
பார்த்துவிட்டுப் போன் பண்ணு,
எத்தனை மணியானாலும் பரவாயில்லை,
மழையில் எனக்கு எப்படியும் தூக்கமில்லை.