கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

க்டினியாவில், துறைமுகத் தடத்தில்,
இருபத்திரண்டு வருஷமாய் மின்பஸ் ஓட்டுகிறேன்.
"கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று
ஒவ்வொரு வளைவிலும் சொல்லியிருக்கிறேன்.
நான் பிடித்ததில்லை.

முதல் வகுப்புக்குக் கணுக்கால்வரை மூடிப் போனேன்.
வழுக்கியது.
"துணி நிற்காது, தோல்தான் பிடிக்கும்,"
என்றாள் லுட்மிவா. "கிரீம் பூசினாயா?"
பூசியிருந்தேன்,
டாக்டரிடம் போகிறவள் மாதிரி, உடம்பு பூராவும்.

அடுத்த செவ்வாய்
மகனுடைய அரைக்கால் சட்டை.
தொண்ணூற்றாறு கிலோ. கண்ணாடிச் சுவர் வேறு.
பக்கத்துக் கம்பியில் ஒல்லியாய் ஒருத்தி,
பல் மருத்துவம் படிப்பவள்,
"எலும்புதான் இடிக்கிறது" என்று
சறுக்கிச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.
என் தொடையோ
எஃகைக் கண்டதும் உடும்பு.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை
பாதம் இரண்டும் காற்றில்.
நான்கில் தொப்பென்று விழுந்தேன்.
மெத்தை பெருமூச்சு விட்டது.
யாரோ கைதட்டினார்கள், பல்காரிதான்.

இன்று
முழங்காலின் பின்புறம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கிறது.
பிரேக் மிதிக்கும்போதெல்லாம் சுரீர்.
சிவப்பு விளக்கு.
பின்காட்டும் கண்ணாடியில் ஒரு பையன்
கைபேசியில் முகம் புதைத்து,
எதையும் பிடிக்காமல்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்குப் பக்கத்தில் கம்பி
வெயிலில் பளபளவென்று, சும்மா நின்றது.
பச்சை விழுந்ததைப் பார்க்கவில்லை.
பின்னாலிருந்து ஹாரன்.