மைனஸ் முப்பத்தொன்றில் குரல்

சஸ்கட்டூனில் தை மாதம்.
தரிப்பிடத்தில் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும்
ஒரு வயர் தொங்குகிறது.
இரவெல்லாம் மின்சாரம் குடித்தால்தான்
விடிய எஞ்சின் இருமாமல் எழும்பும்.

எனக்கு அப்படியொரு வயர் இல்லை.
நகரசபைக் கட்டடத்துக்கு வெளியே
யன்னல் ஏற்றிய காருக்குள் இருந்து
என்னை நானே சூடாக்குகிறேன்.

முதலில் தோள்.
காதுவரை தூக்கிப் பொத்தென்று விடவேண்டும்.
பன்னிரண்டு மாடிக் குப்பைக்கூடைகளைத் தூக்கும் தோள்.
இறங்கு என்றால் நம்பவில்லை.
மூன்றாம் தரம்தான் நம்பியது.

பிறகு தாடை.
பிறகு வராத கொட்டாவியை வரவழைத்துத்
தொண்டைக்குள் ஒரு கூடாரம் அடிப்பது.
பிறகு உதடுகளைத் துடிக்கவிட்டு
புர்ர்ர்ர்...
ஸ்டியரிங்கில் எச்சில் தெறிக்கிறது.
பக்கத்துக் காரின் தொப்பிக்காரர் எட்டிப் பார்க்கிறார்.
என் பற்றரி செத்துவிட்டதென்று நினைத்து
சிவப்பும் கறுப்புமாய் இரண்டு கேபிளைத் தூக்கிக் காட்டுகிறார்.
வேண்டாம், நன்றி என்று கையை ஆட்டினேன்.
அதுவும் பயிற்சிதான், மணிக்கட்டுக்கு.

நாக்குக்கு நானே ஒன்று கட்டினேன்:
வெள்ளிக்கிழமை விளக்குமாறு வழுக்கி விழுந்தது.
ஐந்து தரம், வேகம் கூட்டி.
நாலாவதில் வெள்ளிக்கிழமைதான் வழுக்கியது,
விளக்குமாறு அப்படியே நின்றது.

"உனக்குத்தான் கார் இருக்கே,
பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கு நீ ஏன் கதைக்கிறாய்?"
காலையில் இளங்கீரன் கேட்டது.
பாணுக்குப் பட்டர் பூசியபடி, கோபமில்லாமல்.
பதில் சொல்லவில்லை.
போன பங்குனி வரைக்கும்
நள்ளிரவு தாண்டிய கடைசி பஸ்ஸுக்கு
கண்ணாடி உடைந்த அந்தத் தரிப்பில் நின்றவள்.
இடது காலின் சின்ன விரல்
இன்னும் விறைத்துத்தான் கிடக்கிறது.
சப்பாத்துக்குள் அதையும் ஒருக்கால் அசைத்துப் பார்த்தேன்.
எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் அது இல்லை.

கடைசியாக, வாய் மூடி
ம்ம்ம்ம்.
விலா எலும்புகளுக்குள் ஏதோ ஊர்ந்தது.
கண்ணாடி முழுக்கப் புகார்.
குரல் வந்தது,
நான் என்னுடையதென்று நினைத்திருந்ததற்கு
ஒரு சாண் கீழே இருந்து.

உள்ளே, மூன்றாம் வரிசைக் கதிரை.
பெயரை எப்படிச் சொல்வதென்று
எழுத்தர் பெண் குனிந்து கேட்டாள்.
கு-ல-நா-ய-கி.
கூலா, கூலநா, குலநாயி...
அவளும் தன் வாயைச் சூடாக்கினாள், பாவம்.

ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்.
மேசையில் பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
எனக்கு முன்னால் ஏழு பேர்.
ஏழாமவர் நாய்ப் பூங்கா பற்றிக் கதைத்து முடிய
சுத்தியல் தட்டியது:
எட்டாம் விடயம் அடுத்த மாதத்துக்கு.
கதிரைகள் நகர்ந்தன. கோட்டுகள் எழும்பின.
எழுத்தர் மட்டும் என்னைப் பார்த்து
"குலநாயகி" என்றாள்,
பிழையே இல்லாமல்.

சூடாக்கிய குரலை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது?
ஆறவைக்க யாரும் ஒரு பயிற்சி சொல்லித் தரவில்லை.
எட்டாம் தெருக் கோப்பிக் கடையில்
காரோடு வரிசையில் நின்றேன்.
பனி படிந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் சத்தம்:
என்ன வேணும்?

"நடுத்தரக் கோப்பி ஒன்று,
பால் இரண்டு, சீனி இரண்டு."
இருநூறு பேருக்கென்று வைத்திருந்த குரல் அது.
பெட்டி அதிர்ந்தது.
வேற ஏதும்?

அப்போதுதான் என் தோள் தானாக இறங்கியது.
"ஓம்" என்றேன்.
"பதினேழாம் நம்பரின் கடைசி பஸ்ஸை நிப்பாட்டினால்
கட்டடம் துடைக்கிறவர்கள்,
ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிறவர்கள்,
இந்த நேரத்தில் கோப்பி ஊற்றுகிறவர்கள்..."

பெட்டிக்குள் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு,
"அது என்ர பஸ்.
திரும்பச் சொல்லுங்கோ."

பின்னால் ஒரு ட்ரக் ஹோர்ன் அடித்தது.
எனக்கு இன்னும்
ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும் இருந்தது.